பன்னிரண்டாவது வரி

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் யார் ஓய்வு பெற்றாலும் ஒரு சால்வையும் ஒரு பழத்தட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாழ்த்து மடலும் கொடுத்து அனுப்புவது வழக்கம். சால்வை அலுவலகத்தின் பொறுப்பு. பழத்தட்டு அவரவர் துறையின் பொறுப்பு. மடலில் இருக்கும் கவிதை என் பொறுப்பு. நான் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியாரிடம் கவிதை எப்படி வந்து சேர்ந்தது என்றால், அப்போது தமிழ்த்துறையில் இருந்த இரண்டு பேராசிரியர்களில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் மேடையிலேயே பிழை கண்டுபிடிப்பார். வம்பே வேண்டாம் என்று முதல்வர் ஸ்டாஃப் ரூமைச் சுற்றிப் பார்த்தார். யாராவது தும்மினால்கூட அதற்கு எதுகை போட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஆள் அங்கே நான் ஒருவன்தான்.

முதல் மடலுக்கு ஒரு வாரம் உழைத்தேன். பதினாறு வரி. முதல் நான்கு வரியில் பிறந்த ஊர், அடுத்த நான்கில் துறையும் தொண்டும், அதற்கடுத்து இல்லறம், பிள்ளைகள், கடைசியில் நூறாண்டு வாழ்க. கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டாவது மடலுக்கு அந்த முதல் மடலைத் திறந்து பெயரையும் துறையையும் மட்டும் மாற்றினேன். கைதட்டல் அதே அளவுக்கு இருந்தது. அதன் பிறகு நான் கவிதை எழுதவில்லை. கோப்பைத் திறப்பேன், மாற்றுவேன், மூடுவேன். ஐந்து நிமிட வேலை. 'மலையடி தந்த மாணிக்கமே' என்பது முதல் வரி. ராஜபாளையத்துக்காரருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கும் அது பொருந்தும். இரண்டு ஊரும் மலையடியில்தானே இருக்கின்றன. ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு சார் மட்டும் விழா முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், எங்க ஊர்ல ஏது மலை? சுண்ணாம்புக்கல்லு தோண்டுன குழிதான் இருக்கு."

"குழியைத் தலகீழாப் பாத்தா மலைதான் சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உண்மை என்னவென்றால் மடலை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு சாப்பாடு இருக்கிறது. கேட்டவர், படித்தவர், என் அறிவுக்கு ஒருவர்தான். எங்கள் நூலகர். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கல்லூரி ஆவணங்கள் இருக்கும் அலமாரியில் எண் போட்டு வைப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சார், ஒங்க மடல் எல்லாத்துக்கும் ஒரே நம்பர் குடுத்துட்டேன். ஒரே புஸ்தகத்தோட பல பதிப்புதான?"

அவரும் என்னைப் போல ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து போகிறவர். சாயங்காலம் ஐந்து பத்துக்கு ஒரு பஸ் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் அதில் சேர்ந்து போனோம். கல்லூரிக்குள் 'மேடம்' என்பேன். பஸ் படியில் கால் வைத்ததும் 'அக்கா' ஆகிவிடுவார். அவருடைய ஒரே மகன் எங்கள் துறையில்தான் பி.எஸ்ஸி. படித்தான். அந்த மூன்று வருடமும் அவனும் எங்களோடு வந்தான். எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டான். அம்மாவின் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்பான். "ஒக்காந்தா காத்து வராதாம். மகாராஜாவுக்கு" என்று அக்கா அவனுக்குக் கேட்கும்படி என்னிடம் சொல்வார்.

படிப்பு முடித்து ஓசூரில் வேலைக்குப் போனான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே காய்ச்சல் என்று படுத்தவன், நான்காம் நாள் ஆம்புலன்சில் ஊருக்கு வந்தான்.

துக்கத்துக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. பதற்றம் வந்தால் வாயில் வருவதெல்லாம் வேடிக்கையாகவே வரும். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரைச் சிரிக்கவைத்துத் தப்பான பல்லைக் காட்டியவன் நான். அன்று அந்த வீட்டு வாசலில் நின்றபோது உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன், ஏதாவது வெளியே வந்துவிடுமோ என்று. அக்கா என்னைப் பார்க்கும் முன்பே கிளம்பிவிட்டேன்.

காரியம் முடிந்து அவர் கல்லூரிக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் போனேன். எப்போதும் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பை மடியில் இருந்தது. நான் அப்படியே டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். வேண்டாத டீ இரண்டு குடித்தேன். ஐந்து பத்து போன பிறகு ஐந்தரை வண்டியில் ஏறினேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இரண்டு வருடம் அப்படியே போனது. நான் அந்த டீக்குப் பெரிய ரசிகன் என்று கடைக்காரர் நினைத்துவிட்டார். நூலகத்துக்கும் போவதில்லை. புத்தகம் திருப்ப வேண்டியிருந்தால் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். எதிரே வந்தால் "வணக்கம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே கால்கள் முன்னால் போய்விடும்.

இந்த வருடம் ஏப்ரலில், தேர்வுகள் தொடங்குவதற்கு முன்பு, அவருக்குப் பணி நிறைவு விழா என்று சுற்றறிக்கை வந்தது.

வழக்கம்போலப் போனில் கோப்பைத் திறந்தேன். பெயர் மாற்றினேன், துறைக்குப் பதில் நூலகம் என்று போட்டேன், அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் இருக்கும் பிரேம் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே செய்த காரியம். இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

விழா மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். அன்று காலையில் சட்டத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். கொடுப்பதற்கு முன்னால் முழுவதையும் ராகம் போட்டு வாசித்துக் காட்டுவார். எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடுமாம். நான் பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டும் மணத்தில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றேன். அவர் வாசித்துக்கொண்டே வந்து பன்னிரண்டாவது வரிக்கு வந்தார்.

"பெற்றமகன் பேர்விளங்கப் பேரர்களும் கூடி..."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதே வரிதான்.

கோப்பில் அந்த இடத்தில் 'மகன், மகள், மக்கள்' என்று மூன்றும் இருக்கும். ஆளுக்குத் தகுந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். விட்டுப்போன தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அவருக்கு ஒரு மகன் என்று என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, மற்ற இரண்டையும் அழித்து, அந்த ஒன்றை வைத்திருக்கிறது.

காது அடைத்தது. கடைப் படியில் உட்கார்ந்தேன். இடது கை மரத்தது. இதுவரை மூன்று முறை மாரடைப்பு என்று ஓடி ஈசிஜி எடுத்திருக்கிறேன். மூன்று முறையும் வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த முறையாவது உண்மையான மாரடைப்பாக இருக்கக்கூடாதா, விழாவுக்குப் போகாமல் தப்பிக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

"என்ன சார், மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போச்சு? சோடா குடிங்க. எழுத்து எதும் தப்பா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொறவு என்ன?"

சொன்னேன். அவருக்கும் அந்தக் குடும்பத்தைத் தெரியும். சோடாவை என் கையிலிருந்து வாங்கி அவரே ஒரு மடக்குக் குடித்தார். பிறகு யோசித்துச் சொன்னார்.

"சார், பிரேமைப் பிரிச்சு அந்த வரி மேல ஒரு ரோசாப்பூ ஸ்டிக்கர் ஒட்டிருவோமா? டிசைன்னு நெனச்சுக்குவாங்க."

அவர் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் எடுத்துக்காட்டினார். எனக்குப் பஸ் நிலையத்து டீக்கடை கண்ணில் வந்து நின்றது. "வேண்டாம், அப்படியே குடுங்க" என்று சொல்லிச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டேன்.

ராஜபாளையம் போக அரை மணி நேரம். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறு வரி யோசித்தேன். வரியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்பவர் யார்? சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள். ஆனால் இந்த மடலைப் பெறப்போகிறவர் மட்டும் இதன் பதினாறு வரியையும் அறிந்தவர். எல்லாப் பதிப்பையும் எண் போட்டு வைத்திருப்பவர். மற்றவர்களுக்கெல்லாம் பிள்ளைகளைப் பாடியவன் தன்னிடம் வந்ததும் தாண்டிவிட்டான் என்பது மேடையில் அந்த நொடியே அவருக்குத் தெரியும். வைத்தாலும் காயம், எடுத்தாலும் காயம். இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது. அதுதான் இரண்டு வருடமாக என்னால் முடியாத வழி. நேரே போய் அவரிடம் பேச வேண்டும்.

நூலகத்தில் பொறுப்பு ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தது. சாவிகளுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"என்ன சார், அதிசயமா இருக்கு. வழி தெரிஞ்சுதா?"

"வாட்ச்மேன்கிட்ட கேட்டுக்கேட்டு வாரேன் மேடம்."

என் வாய் அதன் வேலையைப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. என் கக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"பன்னெண்டாவது வரிதான?"

 அவர் நாற்காலியைக் காட்டினார்.

"விழான்னு சொன்ன அன்னையில இருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். இந்த மனுசன் வச்சிருவாரா, எடுத்துருவாரான்னு. ஒங்களக் கொற சொல்லல சார். வச்சாலும் எனக்குச் சங்கடம்தான், எடுத்தாலும் சங்கடம்தான்."

"வச்சிட்டேன் மேடம். பாக்காம வச்சிட்டேன்."

"ம்."

சாவி ஒன்றை எடுத்துச் சீட்டைக் கட்டினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"அஞ்சு பத்து வண்டில ஏறமாட்டேன்னு ஏதும் வேண்டுதலா சார்?"

இதற்குச் சொல்ல எனக்குப் பொய் நிறைய இருந்தது. ட்யூஷன், ஆய்வுக்கூட்டம், முதுகுவலி. மூன்றையும் இரண்டு வருடமாக வேறு ஆட்களிடம் சொல்லிப் பழகியிருந்தேன்.

"பயம் அக்கா" என்றேன்.

"என்ன பயம்? நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?"

"என்ன பேசன்னு தெரியல. என் வாயில நல்ல வார்த்த வராது. கோட்டிக்காரன் மாதிரி சிரிப்பாத்தான் எதாச்சும் வரும்."

"ஒண்ணும் பேசியிருக்க வேண்டாமே. பேசுறவங்க எம்புட்டோ பேரு வந்து பேசிட்டுத்தான் போனாங்க. விதிம்பாங்க. சாமிக்குப் பிடிச்ச பிள்ளம்பாங்க. அவன் பேர மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டேங்காங்க. சொன்னா நான் ஒடைஞ்சிருவேனாம். சொல்லாம இருக்கையில மட்டும் நான் என்ன முழுசாவா இருக்கேன்? நீங்க சும்மா பக்கத்து சீட்டுல ஒக்காந்து தூங்கியிருந்தாக்கூடப் போதும் சார். எப்பவும் தூங்கத்தான செய்வீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

"இப்ப என்ன செய்யட்டும் அக்கா? எடுத்துரவா?"

"எடுக்காதீங்க. வேற எழுதுங்க. அவன எழுதுங்க."

"விழாவுல எல்லாம் மங்களமா இருக்கணும்னு முதல்வரு..."

"என் விழாவா, முதல்வர் விழாவா?" என்றவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "மூணு வருசம் ஒங்க கிளாசுல இருந்தான். நல்லவன், வல்லவன்னு எழுதாதீங்க. அதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது எதாச்சும் இருந்தா எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். அவனப் பத்திப் புதுசா ஒண்ணு கேட்டு ரெண்டு வருசமாச்சு."

மணி பன்னிரண்டரை. வாசகசாலையின் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தேன். முழுத்தாள் ஒன்றை எடுத்து வைத்தேன்.

பதினைந்து வருடமாகக் கவிதைப் பொறுப்பில் இருந்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. 'அறிவில் சிறந்தான்' என்று எழுதினேன். அடித்தேன். 'அன்பில் உயர்ந்தான்' என்று எழுதினேன். அதை ஓசூரில் இருக்கும் எந்தப் பையனுக்கும் போடலாம், மலை இல்லாத ஊருக்கு மலை போட்டதுபோல. இல்லாத ஒன்றைக் கட்டிச் சொல்லலாமா என்றும் தோன்றியது. அதைக் கண்டுபிடிக்க யாரும் இல்லை. அந்த அம்மா அதை உண்மையென்று வாங்கி வாழ்நாள் முழுக்க வைத்திருப்பார். வேண்டாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று வருடம், வாரத்துக்கு ஆறு வகுப்பு, ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லையா? இதற்கு முன்னால் எனக்கு வந்த பதற்றமெல்லாம் விளையாட்டு. இது வேறு.

கண்ணை மூடி வகுப்பறையை நினைத்துப் பார்த்தேன். மேற்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை. இரண்டாவது வரிசை. அவன் அங்கேதான் உட்காருவான். அப்போது வந்தது. புதிதாக வந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். அதை நானே ஒளித்து வைத்திருந்தேன்.

அவன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வந்தது. வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். சாக்பீஸ் ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் ஒடிந்தது. மூன்றாவதும் ஒடிந்தபோது என் கை ஆடுவது எனக்கே தெரிந்தது. நடத்திக்கொண்டிருந்தது என்ன என்றே மறந்துவிட்டது. பலகையைப் பார்த்தபடி நிற்கிறேன், திரும்ப முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், புரியல சார். மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவன் எழுந்து வந்து டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்தான். அழிக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழாக, மெதுவாக, மூலை மூலையாக அழித்தான். அந்த நேரத்தில் நான் மூச்சு விட்டேன். தண்ணீர் குடித்தேன். அவன் உட்காரும்போது அவன் நோட்டைப் பார்த்தேன். நான் பாதியில் விட்ட கணக்கு அதில் முழுதாகப் போட்டு முடித்திருந்தது.

அவனுக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால் நான் நடுங்கினேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஸ்டாஃப் ரூமில் அன்று, குழுவை நான் எப்படிச் சமாளித்தேன் என்று நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். என் கோமாளித்தனம் முழுவதும் அந்த நடுக்கத்தை மூடத்தான். இப்போது இதை எழுதினால் அதே ஆட்கள் முன்னால், மைக்கில், நானே அதைத் திறந்து காட்ட வேண்டும்.

எழுதினேன். எதுகை தேடவில்லை. அடித்து அடித்து எட்டு வரி நின்றது. அடித்ததைப் பார்த்து நல்ல தாளில் மாற்றி எழுத நேரமில்லை.

விழாவில் சால்வை ஆனது, பழத்தட்டு ஆனது. மடல் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா மேடையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர் முன்வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். சட்டம் இல்லாமல் வெறும் தாளோடு நான் ஏறியதைப் பார்த்து முதல்வர் புருவத்தை உயர்த்தினார். பின்வரிசையில் யாரோ, "ஆரம்பிச்சிட்டான்யா" என்று சிரித்தார்கள். நான் வழக்கமாக ஒரு ஜோக் சொல்லித்தான் தொடங்குவேன்.

அன்று அவனுடைய பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.  பிறகு வாசித்தேன்.

மலைதெரியும் வகுப்பறையில் மதிப்பிட வந்தோர் முன்
சாக்கட்டி மூன்றுமுறை ஒடிந்தது என் கையில்.
கணக்கைப் போட்டு முடித்துவிட்ட ஒருவன் எழுந்து
எனக்குப் புரியவில்லை என்றான்.
எழுதாத பலகையை மெல்ல மெல்ல அழித்தான்
எனக்கு மூச்சு வரும்வரை.
கேட்டு வந்தவரை வெறுங்கையாய் அனுப்பாத
இந்த அம்மாவிடம் கற்றிருப்பான்.

தாள் ஆடியது. ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டதால் நின்றுவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நிற்கவில்லை, கடைசி வரி வரை ஆடியது. முன்வரிசையில் அக்காவின் கணவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கைதட்டல் வரவில்லை. தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இறங்கி வரும்போது தமிழ்த்துறையின் பழைய பிழை கண்டுபிடிப்பாளர் என் கையைப் பிடித்தார்.

"தளையும் இல்ல, தொடையும் இல்ல" என்றார். கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கை நடுங்கும்யா. குழு வந்த அன்னைக்கு நான் லீவு போட்டுட்டேன்" என்றார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் சொந்த விஷயம் என்று பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா ஏற்புரையில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். அந்த வரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.  தப்பு செய்துவிட்டேனோ, கேட்டது இது இல்லையோ என்று சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தைச் சாம்பாரோடு கலந்து வைத்திருந்தேன். அக்கா என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"எந்த ரூம் சார் அது?"

"மேல் மாடி, கடைசி ரூம்."

"சாப்பிட்டு முடிச்சிட்டுக் காட்டுங்க."

அவர் கணவரும் சேர மூவரும் ஏறினோம். இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரத்தைக் காட்டினேன். அக்கா அந்த பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். அவர் கணவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று, டஸ்டரை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பக்கத்துல யாரு ஒக்காருவா?" என்று அக்கா கேட்டார்.

எனக்குச் சரியாக நினைவில்லை. பழைய வருகைப் பதிவேடுகள் எல்லாம் எங்கள் துறை அலமாரியில்தான் கிடக்கின்றன. குழு எப்போது கேட்குமோ என்று எதையும் எறிவதில்லை. போய் அந்த வருடத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தேன். பக்கத்து வரிசைகளில் இருந்த பெயர்களை வாசித்தேன். ஒரு பெயருக்கு அக்கா, "ஆமா, ஆமா, இவன் வீட்டுக்கு வருவான். இப்ப வத்திராயிருப்புப் பக்கம் போலீசுல இருக்கான்" என்றார். அவர் விரல் மகனுடைய பெயரைப் பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாக நகர்ந்தது. எல்லாம் வந்ததற்கான குறி. நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமையில் விரல் நின்றது.

"இது என்ன சார்? வரலன்னு போட்டிருக்கு?"

"வரல போல அக்கா."

"வரலயா? ஒரு நாள்கூட வீட்ல இருந்ததில்லயே. என்கூடத்தான பஸ்ஸுல வந்தான்."

அவர் கணவர் குனிந்து பார்த்தார். விரலை நகர்த்தினார். அடுத்த வாரத்திலும் ஒரு வியாழக்கிழமை.

"அப்பிடின்னா எங்க போனான்?" அக்கா என்னைக் கேட்டார்.

"தெரியாது அக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஐப்பசி மாசம். அய்யனார் கோயில் ஆத்துல குளிக்கத் தண்ணி வந்திருக்கும்ல?" என்றார் அவர் கணவர்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு நாள் சாயங்காலம் தல ஈரமா வண்டி ஏறினான். என்னலேன்னு கேட்டேன். காலேஜ் பைப்புல மூஞ்சி கழுவுனேம்மான்னான்."

"தலையிலயா மூஞ்சி இருக்கு அவனுக்கு?" என்றார் கணவர்.

"அதான, நானும் கேக்காம விட்டுட்டேன் பாத்தீங்களா? திருட்டுப் பய. என் பக்கத்துல நின்னுக்கிட்டே சொன்னான் சார். சாப்பாட்டுப் பையத் தோள்ல போட்டுக்கிட்டு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு டிசம்பர் மாதப் பக்கத்தைப் புரட்டினார்.